ஈடுமானி

மலையேறும் பேருந்தில் யார் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பதையும் ஈடுமானிதான் சொன்னது.

பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை அது. நரம்புகளில் ஓடுவதைப் படித்து, இந்த நிமிடம் இந்த ஆள் எவ்வளவு பாரம் சுமக்கிறார் என்று கணக்கிட்டுவிடும். ரேஷன் கடை வரிசையில் முழங்கால் வலிக்காரரை அதுவே முன்னால் அழைத்தது. தேர்வுக்கூடத்தில் காய்ச்சலோடு எழுதும் பிள்ளைக்கு அதுவே கூடுதல் நேரம் கொடுத்தது. இப்போது பேருந்தின் திரையில் பிளெசியின் பெயர் வந்தது. நாச்சியார் நடு இருக்கைக்கு நகர்ந்தாள்.

"ஏட்டி, வேணும்னா நீ இங்க வந்து உக்காரு," என்றாள் பிளெசி.

"வேண்டாம். உனக்குத்தான வலிக்கி."

இருவரும் திருநெல்வேலிக்காரிகள். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே கால்கள் பேச்சுக் கேட்பதில்லை. அச்சில் வார்த்த இருக்கை, அதன் அடியில் அதிர்வு தாங்கும் சுருள்வில், அதற்கும் கீழே ஒற்றைச் சறுக்குக்கட்டை, கைகளில் குட்டிச் சறுக்கு பொருத்திய கோல்கள். இவற்றோடு இமயமலையின் லாஹௌல் பள்ளத்தாக்குப் பனிச்சரிவில் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குவார்கள். மருத்துவர்கள் உடல்நிலையைப் பார்த்து வகை பிரித்த காலத்தில் இருவரும் ஒரே வகை. நாச்சியார்தான் எப்போதும் முதலில் வந்தாள்.

ஈடுமானி வந்த பிறகு கதை மாறியது. பிளெசியின் இடுப்பைச் சுற்றி ஓயாத வலி ஒன்று இருப்பதை அது கண்டுபிடித்தது. அந்தப் பாரத்துக்கு ஈடாக அவளுடைய கடிகார நேரத்தில் ஒரு பங்கைக் கழித்தது. நாச்சியாருக்கு வலி கிடையாது, கழிவும் குறைவு. தனக்கு ஏன் ஒரு வலியைக் கொடுக்கவில்லை என்று அவள் சாமியிடம் கோபித்துக்கொண்ட நாள்கூட உண்டு. யாருக்கு எதற்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முடிவுப் பலகையில் வெளிப்படையாகப் போட வேண்டும் என வீரர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டவளும் அவள்தான். கேட்டபடியே விதி வந்தது.

இன்று உலகப் போட்டிக்கான தேர்வு. போவது ஒருத்தி. இரண்டு சுற்றுகள், கழிவு போக இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

முதல் சுற்றில் பிளெசி முதலில் இறங்கினாள். இருக்கையின் வாரை இறுக்கும்போது வழக்கம்போலப் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே நாச்சியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிர் போகிற இடத்தில் இவளுக்கு மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது? கீழே தன்னார்வலர்கள் பிளெசியின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். 'விழு,' என்று நாச்சியார் மனதுக்குள் சொன்னாள். 'அடுத்த வளைவிலாவது விழு.'

பிளெசி விழவில்லை.

நாச்சியார் இறங்கியபோது கண்ணுக்கு முன்னால் பனி இல்லை, பிளெசியின் முதுகுதான் இருந்தது. அவள் எங்கே திரும்பினாள், எப்படித் திரும்பினாள் என்ற நினைப்பிலேயே ஒரு கம்பத்தை மிகவும் விலகிச் சுற்றினாள். கடிகாரத்தில் தெளிவாகப் பின்தங்கினாள். எல்லாம் போயிற்று என்று தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

பலகை கணக்குப் போட்டு, அவள் பெயரை மேலே ஏற்றியது.

வீரர்களின் தாய்மொழியிலும் எழுதிக் காட்டும் மரியாதை அந்தப் பலகைக்கு உண்டு. தண்டுவடம், குளிர், தோள் களைப்பு என்று வரிசையாக எழுதியது. கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய எண்ணோடு ஒரு சொல் நின்றது: பொறாமை.

பயிற்சியாளர் துரை அண்ணாச்சி பனியில் தடுமாறி ஓடி வந்தார். "சிரிக்காத. மொகத்த அப்படியே வச்சுக்கோ."

"அண்ணாச்சி, அசிங்கமா இருக்கு."

"அசிங்கத்துக்குத் தனியா ஒரு வரி வரும். வரட்டும், நல்லதுதான். அடுத்த சுத்து வரைக்கும் அந்தப் புள்ளகிட்ட மட்டும் பேசிராத. மனசு எளகிச்சுன்னா மோசம் போயிருவ."

ஆனால் ஓய்வுக்கூடத்தில் பிளெசியே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். மடியில் இரண்டு தேநீர்க் குவளைகள்.

"இம்புட்டா ஏட்டி? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"என்னத்தச் சொல்ல? உன் வலியில பாதி எனக்கு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

"முழுசாவே எடுத்துக்கோ." பிளெசி தேநீரை நீட்டினாள். "எங்க அக்கா கல்யாணத்துல பட்டுச்சேல உடுத்தினேன். இடுப்புல ஒரு சுத்து சுத்தவும் நெருப்பக் கட்டுன மாதிரி ஆயிட்டு. அவுத்துப் போட்டுட்டு நைட்டியோட ரூமுக்குள்ள கெடந்தேன். கோயில்ல இருந்து வந்த பேண்டுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்க அக்கா மாலையோட நின்னத இன்னைக்கு வரைக்கும் போட்டோலதான் பாக்கேன்."

நாச்சியார் குவளையை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கை வார இறுக்கும்போதும் அதேதான். பல்லக் கடிச்சா கேமரால அசிங்கமாத் தெரியும். அதான் சிரிச்சிருவேன்."

நாச்சியார் குவளையைக் கீழே வைத்தாள். எத்தனை பந்தயங்களில் அந்தச் சிரிப்பைப் பார்த்து வெந்திருக்கிறாள். அவளுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, வெயில் பட்ட பனிபோல ஓசையில்லாமல் சரிந்தது. கை நீட்டிப் பிளெசியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற துரை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் முந்தியவர் இரண்டாவதில் முதலில் இறங்க வேண்டும். நாச்சியார் இறங்கினாள். இந்த முறை முன்னால் யாருடைய முதுகும் இல்லை. வெள்ளைச் சரிவும் கம்பங்களும் கட்டையின் விளிம்பு பனியைச் சீவும் சத்தமும் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு வளைவும் தானே வந்து அவளை வாங்கிக்கொண்டது. வாழ்நாளில் அவள் இவ்வளவு வேகமாகப் போனதில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சரிவில் அதுவரை யாரும் பார்க்காத கடிகார நேரம்.

பலகை தண்டுவடத்துக்கும் குளிருக்கும் கழித்தது. களைப்புக்குக் கொஞ்சம். அத்தோடு நிறுத்திக்கொண்டது.

பிறகு பிளெசி வந்தாள். இன்று காலை இறங்கிய பிளெசி அல்ல. தோள்கள் இறுகியிருந்தன. இரண்டு இடங்களில் தடுமாறினாள். கடிகாரத்தில் வெகுதூரம் பின்னால் வந்து நின்றாள். நாச்சியார் கோல்களை வீசிவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளத் தயாரானாள். அப்போது பலகை எழுதத் தொடங்கியது. தண்டுவடம். வலி. அதற்குக் கீழே, பிளெசியின் பெயருக்கு நேரே இதுவரை வந்தே இராத ஒரு சொல், வலியைவிடப் பெரிய எண்ணோடு.

இரண்டு சுற்றையும் கூட்டியபோது பிளெசி மேலே இருந்தாள்.

"வேணும்னுதான் வந்து பேசுனியா?" என்று கேட்டாள் நாச்சியார். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஏசப்பா மேல ஆணையா இல்ல. சொன்னது அத்தனையும் நெசம்." பிளெசி தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள் அவள் கண்கள் கலங்கியிருந்தன. "மேல நின்னு நீ எறங்குனதப் பாத்தேன். வலி இல்லாத ஒடம்பு எப்படிப் போவும்னு அப்பதான் பாத்தேன். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு ஏட்டி."

அவளை அழைத்துப்போகத் தேர்வுக் குழுவினர் மாலையோடு வந்தார்கள். வார் அவிழும்போது பிளெசி சிரித்தாள். நாச்சியாரின் நெஞ்சில் பழைய தீ திரும்பவும் பிடித்தது. காலையில் எரிந்ததைவிடப் பலமாக, மூச்சு முட்டும்படி எரிந்தது. இவ்வளவு பாரத்தை அவள் ஒருநாளும் சுமந்ததில்லை. கை தன்னையறியாமல் பின்கழுத்துக்குப் போயிற்று.

வில்லை குளிர்ந்து கிடந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களைப் பந்தயக் கணக்கு அளப்பதில்லை.