அப்பா வரும் வாசல்

எல்லாரும் அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

அந்த விமான நிலையம் ரொம்பச் சிறியது. சுற்றிலும் வயல்கள், பயணிகளுக்கு ஒரே ஒரு கூடம், நாளுக்கு ஒரு விமானம். அங்கே பெட்டிகளை இழுத்து வரும் வண்டியை ஓட்டுபவர் சில்வண்டின் அம்மா.

அன்றைய விமானத்தில் பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா வந்தார். தூர தேசத்தில் வேலை பார்த்த இடத்தில் இறந்துபோனவரை நீளமான பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அப்படி வரும் பெட்டிகள் பின்பக்கச் சரக்குக் கொட்டகை வழியாகத்தான் வெளியே போகும். பையனின் அம்மாவும் மாமாவும் அங்கேதான் வேனோடு காத்திருந்தார்கள். பையனை மட்டும் காணோம். அவனைக் கூட்டி வரச் சொல்லி, தன்னோடு வந்திருந்த சில்வண்டை அவள் அம்மா அனுப்பினார்.

அவன் கூடத்தில், பயணிகள் வரும் கதவுக்கு எதிரே நின்றிருந்தான். கையில் ஓர் அட்டை. அதில் 'அப்பா' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்த அட்டையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பாவும் யாரோ எவரோபோல முகத்தை வைத்துக்கொண்டு, "நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரா?" என்று கேட்பார். கூடமே சிரிக்கும்.

"பின்னாடி வாடா, எல்லாரும் அங்க இருக்காங்க" என்றாள் சில்வண்டு.

"அப்பா செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன். "ஆனா அவரு எப்பவும் இந்த வழியாத்தான் வருவாரு. நான் வரல."

கையைப் பிடித்து இழுத்துப் போக மனம் வரவில்லை. கொட்டகைக்கு ஓடி, பெட்டியைப் பயணிகள் வாசல் வழியாக விடலாமா என்று அங்கே நின்ற விமான நிலைய மேலாளரிடமே கேட்டுவிட்டாள்.

மேலாளர் நல்லவர்தான். ஆனால் சட்டம் என்றால் சட்டம்; சொந்த மாமியாரின் பெட்டியையே மறுபடி எடை போட்டுப் பார்த்தவர். சரக்கு பயணிகள் வாசலில் வரக்கூடாது, கதவுக்குள்ளும் நுழையாது, பார்ப்பவர்களுக்கும் சங்கடம் என்றார்.

சக்கர நாற்காலி வந்தால் அந்தக் கதவின் இரண்டு பக்கமும் திறப்பார்களே, அப்போது தாராளமாக நுழையும் என்றாள் சில்வண்டு. பயணிகள் போனபிறகு கொண்டுவரலாம் என்றும் சொன்னாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"அவரு சரக்கு இல்ல சார். போன தடவை அந்த வாசல்லதான் நடந்து வந்தாரு."

மேலாளர் பையனின் அம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். மேலாளர் சட்டைப்பையில் சாவியைத் தேடினார்.

கூடம் காலியானது. கதவின் இரண்டு பக்கமும் திறந்தன. தள்ளுவண்டியில் பெட்டியை வைத்து, சில்வண்டின் அம்மாவும் பையனின் மாமாவும் மெதுவாகத் தள்ளி வந்தார்கள். பையனின் அம்மா பின்னால் நடந்து வந்தார். பையன் அட்டையை உயர்த்திப் பிடித்தான்.

பெட்டி அவன் எதிரே வந்து நின்றது. அவன் அட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று சில்வண்டுக்குப் புரிந்தது. பெட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நீங்கதான் இவரைக் கூட்டிட்டுப் போக வந்தவரா?"

"ஆமா" என்றான் பையன். அட்டையைப் பெட்டியின்மேல் வைத்தான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."