ஏரியில் இறங்காத ஆமை

பவானியின் அப்பாவிடம் மணி என்னவென்று கேட்டால்கூட, "நீயே ஒரு மணி சொல்லு, பார்ப்போம்" என்பார். பர்மாவின் யாங்கோன் நகரில், பபேடான் பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் விநாயகமூர்த்தி அவர்தான். பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவருக்கு உடம்பில் ஒட்டாது.

அவருடைய அக்கா விஜயகுமாரி அத்தையும் அதே ரகம். இந்த இருவருக்கும் நடுவில் பத்து வயதுப் பவானி ஒரு வார்த்தை சொல்லி முடிப்பது, சந்தை நேரத்தில் தெருவைக் கடப்பது மாதிரி.

"அப்பா, இது தண்ணி ஆமை இல்ல" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் கேட்டார்கள்?

அடுத்த வாரம் அதே நகரின் பசுந்தாங் பகுதியில் அப்பாவின் இரண்டாவது கடை திறக்கப்போகிறது. அத்தை ஒரு பர்மிய ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள். "சனிக்கிழமை உச்சிப் பொழுதுக்குள்ள, ஒரு ஆமைய நல்ல தண்ணியில விடணுமாம். கடை ஓஹோன்னு ஓடுமாம்" என்றாள்.

அந்த ஊரில் அது வழக்கம். பிறந்தநாள் வந்தாலோ, புதுக் காரியம் தொடங்கினாலோ, கூண்டுப் பறவையையோ மீனையோ ஆமையையோ வாங்கி விடுதலை செய்வார்கள். புண்ணியம். பக்கத்து வீட்டுப் பர்மியர்களைப் பார்த்து, தமிழர்களும் எப்போதோ பழகிக்கொண்டார்கள்.

அப்பா பாலத்தடியில் ஒரு வியாபாரியிடம் ஆமை வாங்கி வந்தார். "பாதி விலை! கடைசியில அவனே கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் குடுத்துட்டான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

இப்போது கடை வேன் மாவ்பி என்ற ஊரைத் தாண்டிக் குலுங்கிக்கொண்டு போகிறது. அப்பா ஓட்டுகிறார். பக்கத்தில் அத்தை. பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் பவானியும் ஆறு வயதுத் தம்பி மோகனும். பவானியின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஆமை.

"அக்கா, அது என்னைப் பாத்து முறைக்குது" என்றான் மோகன்.

"நீ அது மூக்கைத் தொட்டா முறைக்காம என்ன செய்யும்?"

பவானி ஆமையைத் தூக்கி அதன் காலைப் பார்த்தாள். கோயில் குளத்து ஆமைகளுக்கு அவள் பொரி போட்டிருக்கிறாள். அவற்றின் விரல்களுக்கு நடுவில் வாத்துக்கு இருப்பதுபோலத் தோல் இருக்கும். ஓடு தட்டையாக இருக்கும். இதற்கோ ஓடு கவிழ்த்த சட்டிபோல உயரமாக இருந்தது. கால் குட்டி யானையின் கால்போல உருண்டையாக, கெட்டியாக இருந்தது. விரலும் இல்லை, தோலும் இல்லை. தடித்த நகம் மட்டும்தான்.

"அப்பா, இந்தக் கால வச்சு நீந்தவே முடியாது. இது தரையில நடக்கற ஆமை."

"ஆமைன்னா ஆமைதான். தண்ணியில போட்டா தானா நீந்தும்."

"யாரு சொன்னா?"

"வித்தவன் சொன்னான். நேத்துத்தான் ஏரியில பிடிச்சானாம்."

"விக்கறவன் சொல்றத நம்பாதேன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

"அது மத்தவங்க வாங்கறப்ப" என்றார் அப்பா. "என்னை எவனும் ஏமாத்த முடியாது."

பவானி பல்லைக் கடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு புளிச்சக்கீரை இலையை எடுத்து நீட்டினாள். ஆமை கழுத்தை நீட்டி, 'கறுக் கறுக்' என்று தின்றது. இதை ஏரியின் ஆழத்தில் போட்டால் கல் மாதிரி மூழ்கிப் போய்விடும்.

ஏரி வந்தது.

சின்ன ஏரிதான். ஓரமெல்லாம் கோரைப்புல், நடுவில் கொஞ்சம் அல்லி. ஏரியைச் சுற்றி யாரும் உழாத மேட்டுக் கரம்பு. இடுப்பளவு புல்லும் இலந்தைப் புதரும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தன. காற்று வீசும்போது புல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வீடு இல்லை, கடை இல்லை. பேரம் பேச ஆளே இல்லாத இடம் என்று பவானி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. கரையில் ஒரு படகு கட்டியிருந்தது. படகின் அருகில் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஓர் அம்மாள், சுருட்டுப் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமை விட வந்தீங்களா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். டோ மியா என்பது அவர் பெயராம். "கரையில விட்டா புண்ணியம் கம்மி. வாங்க, படகுல நடு ஏரிக்குக் கூட்டிப் போறேன்."

அப்பாவின் கண்கள் மின்னின. "எவ்வளவு?" என்றார்.

டோ மியா ஒரு தொகை சொன்னார். அப்பா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, ஏதோ சாவுச் செய்தி கேட்டவர்போல இரண்டடி பின்னால் போனார்.

"போச்சுடா" என்றாள் பவானி.

"தொடங்கிடுச்சு" என்றான் மோகன். அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அத்தை மட்டும் அவசரப்பட்டாள். "டேய் தம்பி, உச்சிப் பொழுதாகப் போகுதுடா! நான் வேற வீடியோ எடுக்கணும்" என்றவள், கைப்பேசியைக் கண்ணாடியாக வைத்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இரு அக்கா. படகு பழசு, நடுவுல தண்ணி கசியுது. அதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்."

பவானிக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகுதான் ஒன்று தோன்றியது. அப்பா பேரத்தை அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டார். இன்று அதுவும் நல்லதுதான்!

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோரைப்புல் ஓரமாகப் போனாள். கணுக்கால் அளவு தண்ணீரில், ஆமையை இரண்டு கையாலும் பிடித்தபடி மெதுவாக இறக்கினாள்.

ஆமை கழுத்தை விறைப்பாக மேலே நீட்டியது. கால்களை உதறியது. பவானி லேசாகக் கையைத் தளர்த்தியதும் அது திரும்பி, சேற்றில் தடுமாறி, கரையேறிவிட்டது. முதுகை ஏரிக்குக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தது.

"அப்பா! இங்க பாருங்க!"

"இரு பாப்பா, இறங்கி வர்றாங்க!"

"ஆமை ஏறி வருதுப்பா!"

அந்தச் சத்தத்தில் அப்பா, அத்தை, டோ மியா மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வந்து ஆமையைத் தூக்கி, ஏரியைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆமை ஒரு கணம் யோசித்தது. அப்புறம் அரைவட்டம் போட்டு மறுபடியும் மேட்டுப் பக்கம் நடந்தது. அப்பா மறுபடி திருப்பினார். அதுவும் மறுபடி திரும்பியது.

"திசை தெரியல போல" என்றார் அப்பா.

"நல்லாத் தெரியுது. நமக்குத்தான் தெரியல" என்றாள் பவானி. "அத்தை, நடு ஏரியில போட்டு இது செத்துப் போச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

அத்தை கைப்பேசியைச் சட்டென்று கீழே இறக்கினாள். "எனக்கில்லப்பா. உங்கப்பன்தானே வாங்கினான்."

"வாங்கினது நான். விடச் சொன்னது நீ!"

"சொன்னது ஜோசியர். பார்த்து வாங்க வேண்டியது நீ. முக்கால் பாவம் உனக்கு!"

"பாதி பாதிக்கு மேல ஒரு துளிகூட ஏத்துக்க மாட்டேன்!"

பாவத்திலும் பேரம்! பவானி தலையில் கைவைத்துக்கொண்டாள். டோ மியாவுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பது நன்றாகவே புரிந்தது. சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. வெளியாள் முன்னால் ஏமாந்த வியாபாரி ஆகிவிட்டார் அல்லவா? அவர் வேகமாகக் குனிந்து ஆமையைத் தூக்கினார். "அதெல்லாம் இது தண்ணி ஆமைதான். படகை அவுத்து விடுங்க!" என்றார்.

பவானி இதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை ஒப்புக்கொண்டால் அப்பா தோற்றுப்போவார். அப்பாவுக்குத் தோற்கத் தெரியாது. அப்படியென்றால், அவர் ஜெயிக்கிற மாதிரி ஒரு வழி வேண்டும்.

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வியாபார ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, குளத்து ஆமை எங்கேயும் கிடைக்கும். தரை ஆமை கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். இப்பல்லாம் காட்டுலயே குறைஞ்சு போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க."

"அதனால?"

"அதனால, வித்தவனுக்குத் தன் கையில இருக்கறது என்னன்னே தெரியல. அருமையான சரக்க, சாதாரண சரக்கோட விலையிலயும் பாதிக்கு உங்ககிட்ட விட்டுட்டான்."

அப்பா நின்றார். ஆமையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உயரமான ஓட்டைப் பார்த்தார். யானைக் காலைப் பார்த்தார். ஆமையும் அவரைப் பார்த்தது. மெல்ல மெல்ல, அவருடைய மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு முளைத்தது.

"மடப்பயல்!" என்றார் சந்தோஷமாக. "எனக்கு அப்பவே சந்தேகம்தான். இவ்வளவு உயரமான ஓட்டை வச்சுக்கிட்டு இந்த விலையான்னு!"

மோகன் வாயைத் திறந்தான். பவானி அவன் வாயைப் பொத்தினாள்.

"அதெல்லாம் சரிடா. ஜோசியர் தண்ணியில விடச் சொன்னாரே!" என்றாள் அத்தை.

"ஏரித் தண்ணியில விட்டாச்சே அத்தை. இப்பத்தானே நாலு காலும் நனைய ஏறி வந்துச்சு. உச்சிப் பொழுதுக்கு முன்னாடியே."

"தலை நனைஞ்சுதா?"

பவானி பெருமூச்சு விட்டாள். ஏரியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வந்து, ஆமையின் தலையில் ரெண்டு சொட்டு தெளித்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தைக்குத் திருப்தி. அந்தக் காட்சியை வீடியோ எடுத்தாள். பொட்டு சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு தடவையும் எடுத்தாள்.

"இதை எங்க விடலாம், டோ மியா? நாய் வராத இடமா, யாரும் பிடிக்காத இடமா வேணும்" என்று பவானி பர்மிய மொழியில் கேட்டாள்.

டோ மியா மேட்டின் மறுபக்கம் சுருட்டை நீட்டினார். "அந்த இலந்தைக் காட்டுக்குள்ள. அந்த முள்ளுக்கு நானே போக மாட்டேன். பழம் உதிர்ந்து கிடக்கும், தின்னுக்கிட்டு இருக்கும்."

பிறகு அப்பாவைப் பார்த்து, "படகு வேண்டாம், சரி. இவ்வளவு நேரம் பேசிப் பேசி என் தொண்டை காஞ்சதுக்கு என்ன தர்றீங்க?" என்றார்.

இதற்கு என்ன பேரம் பேசுவது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. வேனிலிருந்து ஒரு பூப்போட்ட கைலியை எடுத்து வந்து, மறுபேச்சில்லாமல் கொடுத்தார். பவானி தன் கண்களையே நம்பவில்லை.

புல்லை விலக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். அத்தையின் புடவையை முள் இழுத்தது. அவள் முள்ளையும் திட்டினாள். இலந்தைப் புதரின் ஓரத்தில் பவானி ஆமையை இறக்கி வைத்தாள். "போ" என்றாள்.

ஆமை போகவில்லை. கண்ணை மூடித் திறந்தது.

"ஏன் போகல?" என்றான் மோகன்.

"நம்ம எல்லாரும் பேசிக்கிட்டே இருக்கோம்ல."

எல்லோரும் வாயை மூடினார்கள். விஜயகுமாரி அத்தைகூட. காற்றில் புல் சாய்ந்து நிமிர்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆமை ஒரு காலை எடுத்து வைத்தது. அப்புறம் இன்னொன்று. சருகுகளை நெரித்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் ஓடு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அப்பா வேனை ஓரம் கட்டிக் கட்டி, பபேடான் முழுக்கப் போன் பேசினார். ஒவ்வொரு போனிலும் ஆமை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. ஊர் எல்லை வந்தபோது அது ஒரு சோபா அளவு ஆகியிருந்தது.

பவானியோ, இந்நேரம் அது இலந்தைப் பழம் தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, துணி மூட்டையில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.