தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்

ஆரணி விரல்களால் வாசிப்பாள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கணினி அறையில், விசைப்பலகைக்கு முன்னால் நீளமான பலகை ஒன்று இருந்தது. திரையில் வரும் எழுத்துகள் அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும். கண் தெரியாத ஆரணி அவற்றைத் தடவி மளமளவென்று வாசித்துவிடுவாள். பக்கத்தில் இருக்கும் றஜிந்தன் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

அன்று அவள் விரல்கள் நடுவில் நின்றுவிட்டன.

"என்ன, நித்திரையோ?" என்றான் றஜிந்தன்.

"இல்லையடா. குருவியிலை ஒரு அறிவித்தல் வந்திருக்கு. அடுத்த பதிப்பிலை இந்தப் பலகை வேலை செய்யாதாம்."

குருவி என்பது அந்தக் கணினிகளை இயக்கும் மென்பொருளின் பெயர். பிரசாந்தி ரீச்சர் வந்து, ஆங்கிலத்தில் இருந்த அறிவித்தலைப் பார்த்தார்.

"ஓம், உண்மைதான். குருவியை ஒரு கொம்பனி செய்யேல்லை, பிள்ளையள். கன நாடுகளிலை இருக்கிற ஆக்கள் சேர்ந்து எழுதினது. அதின்ரை நிரலை, அதாவது கணினிக்கு எழுதின கட்டளையளை, ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒராள் பொறுப்பு. இந்தப் பலகைகளைப் பாக்கிறது மார்த்தா எண்டு ஒருத்தி. போலந்திலை இருக்கிறா."

"பழைய பதிப்பையே வைச்சிருந்தா என்ன ரீச்சர்?"

"கொஞ்சக் காலத்துக்குச் சரி. பிறகு புதுப் பாடங்கள் அதிலை திறக்காது, ஆரணி."

ஆரணி பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அது பழைய பலகை. இப்போது எவரும் அந்த வகையைச் செய்வதில்லை. அது போனால், யாராவது வந்து வாசித்துச் சொல்லும்வரை அவள் காத்திருக்க வேண்டியதுதான்.

"அவவுக்கு நான் நல்ல கிழி கிழிச்சு எழுதுறன்!" என்று றஜிந்தன் விசைப்பலகையை இழுத்தான். "எல்லாம் இங்கிலீசுப் பெரிய எழுத்திலை. அப்பதான் கோவம் விளங்கும்."

"பொறடா. நான் இன்னும் முழுக்க வாசிக்கேல்லை."

ஆரணி மிச்சத்தைத் தடவினாள். தடக்கிய சொற்களுக்கு ரீச்சர் பொருள் சொன்னார். 'என்னிடம் இந்தப் பலகை இல்லை. நிரலை மாற்றும்போதெல்லாம் இது பழுதாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. யாரும் இதைப் பயன்படுத்துவதாகவும் தெரியவில்லை' என்று மார்த்தா எழுதியிருந்தார்.

"பாவம், அவ தனிய நிண்டு என்ன செய்யிறது?" என்றாள் ஆரணி. "அவவிட்டைப் பலகை இல்லை. எங்களிட்டை இருக்கு. சொன்னாத்தானே தெரியும்."

றஜிந்தன் விசைப்பலகையை மெல்ல அவள் பக்கம் தள்ளினான்.

'நான் இதில்தான் வாசிக்கிறேன். நீங்கள் நிரலை மாற்றுங்கள். நான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்' என்று ஆரணி, ரீச்சரின் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதினாள்.

"பதினொரு வயசு எண்டும் எழுதட்டே, ரீச்சர்?"

"விரலுக்கு ஆரும் வயசு கேப்பினமே?" என்று சிரித்தார் ரீச்சர்.

அடுத்த கிழமை மார்த்தாவிடமிருந்து சோதனைப் பதிப்பு வந்தது. ரீச்சர் அதைக் கணினியில் ஏற்றினார். ஆரணி ஆவலோடு விரல்களை வைத்தாள்.

"ஆனிப்பாயோ? அதெங்கையடா இருக்கு?"

"மானிப்பாய் எண்டெல்லோ திரையிலை கிடக்கு!" என்ற றஜிந்தனுக்கு முகம் வாடிவிட்டது. "வேலை செய்யேல்லை எண்டு எழுதட்டே?"

"அப்பிடி எழுதினா அவ என்னத்தையெண்டு திருத்துறது? நீ திரையைப் பாத்து வாசி. நான் தடவுறன்."

அவன் வாசித்தான். அவள் தடவினாள். 'றஜிந்தன்' வெறும் 'ஜிந்தன்' ஆனான். "என்னைச் சுருக்கிப்போட்டுது!" என்று கத்தினான் அவன்.

ஆரணி அதே பெயரை வரியின் நடுவில் எழுதிப் பார்த்தாள். இப்போது முழுதாக வந்தது. மறுபடி வரியின் முதலில் எழுதினாள். தலை போய்விட்டது.

"பிடிச்சிட்டன்!" என்றாள். "ஒவ்வொரு வரியிலையும் முதல் எழுத்தை மட்டும் விழுங்குது. புள்ளி எழுத்திலை 'மா' எண்டா 'ம'வும் 'ஆ'வும். 'ம' போக, 'ஆ' மிஞ்சியிருக்கு. மிச்சமெல்லாம் சரி."

அதை அப்படியே எழுதி அனுப்பினார்கள். மறுநாளே திருத்திய நிரல் வந்தது. ஆரணி விரலை வைத்ததும் மானிப்பாய் மானிப்பாயாகவே எழும்பியது. அவள் கதிரையைவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

பலகையின் நிரலை நீக்கப்போவதில்லை என்று மார்த்தா எல்லோருக்கும் அறிவித்தார். அந்த நிரலின் தொடக்கத்தில், தன் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'சோதிப்பவர்: ஆரணி, யாழ்ப்பாணம்.'

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், பிரேசிலில் அந்த வரியைப் பார்த்த ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் கணினிக்கு வந்தது. றஜிந்தன் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மிஸ்டர் ஆரணியாம்! தன்ரை பலகை புள்ளியளைத் தலைகீழாக் காட்டுதாம். ஐயா உதவி செய்வியளோ எண்டு கேக்கிறார்."

மணி அடித்தது. றஜிந்தன் புத்தகப் பையைத் தோளில் மாட்டினான்.

"ஐயா வீட்டை வரேல்லையோ?"

"பொறடா, பாவம், அந்த மனிசன் வாசிக்கேலாமல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆரணி எழுதத் தொடங்கினாள். றஜிந்தன் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.