பட்டியலில் வராத டின்

முந்தாநாள் குற்றாலம் பஜாரில் அந்த அட்டைப்பெட்டியைக் கீழே போட்டது சாட்சாத் கைலாசமேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினோரு வருட உதவியாளர் சர்வீஸில் அவன் போட்டு உடைக்காதது அதிகாரியின் மண்டை ஒன்றுதான். பறிமுதல் செய்த, வயிறு உப்பிய மீன் டின்களை ஜீப்பில் ஏற்றும்போது பெட்டியின் அடி பிய்ந்தது. ஒரு டின் உருண்டு, ரம்புட்டான் விற்கும் சொக்கம்மாளின் காலடியில் போய் நின்றது.

"சார், இது ஒங்களதா?"

அதிகாரி திரும்பினார்.

"நம்மளது இல்லக்கா" என்றுவிட்டான் கைலாசம். பட்டியலிலும் ஒன்றைக் குறைத்தே எழுதினான்.

இன்று மதியம் பரிசோதனை அறிக்கை வந்தது. நரம்புகளை முடக்கும் விஷம்.

மாலை ஐந்துக்கே மலை இருண்டிருந்தது. சாரலில் சொக்கம்மாளின் வண்டி தார்ப்பாய் மூடிக் கிடக்க, அடியிலிருந்து அழுகிய பழத்தின் புளித்த வாடை மெல்லக் கசிந்தது.

"அக்கா எங்க அண்ணாச்சி?"

பக்கத்துச் சிப்ஸ் கடை அய்யாத்துரை எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், அவளுக்கும் சீல் வைக்கணுமோ?"

"விளையாடாதிய."

"நேத்துலருந்து ஆளக் காணும். புதுசாக் கட்டிக்குடுத்த மகளும் மருமகனும் விருந்துக்கு வந்திருக்காவல்லா. மேலகரம் ரோட்டுல, சூளைக்குப் பின்னால கடைசி வீடு."

ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டிவியில் யாரோ விடாமல் சிரித்துக்கொண்டிருக்க, வெங்காயம் வதக்கிய பழைய வாடையோடு இன்னொரு சத்தமும் வந்தது, தீர்ந்துபோன இளநீரை ஸ்ட்ராவால் உறிஞ்சுவதுபோல.

"யக்கா, ரம்புட்டான் கிலோ எவ்வளவு?" என்று கேட்டுப் பார்த்தான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

உள்ளே போனான்.

நீல வெளிச்சம். சுவரோரம் மூன்று பேர். அண்ணாந்த தலைகள். மூடிய இமைகள். தூக்கமா?

அந்த உறிஞ்சல் அவர்களின் மூச்சு.

"யக்கா... அந்த டின்ன என்ன செஞ்சிய? தூரப் போட்டுட்டியல்லா?"

சொக்கம்மாளின் கை அசைந்தது. மார்பில், கழுத்தில், கன்னத்தில் பல்லிபோல ஏறியது. ஒரு விரல் இமையைத் தூக்கிப் பிடித்தது.

உள்ளே கண் தெளிவாக இருந்தது. அவனை அடையாளம் தெரிந்த கண்.

பக்கத்தில் மகளின் கை ஏறியது. பிறகு மருமகனின் கை.

மூன்று கண்கள்.

சொக்கம்மாளின் நாக்கு புரள வெகுநேரம் ஆனது.

"மூணு பேரும்... தின்னுட்டோம்... சார்."