மூன்றாம் கட்டில்

மூன்றாம் கட்டிலை மட்டும் அது தொடவே இல்லை.

நர்ஸ் ஜெயசீலி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு. யார் வாந்தி எடுத்தாலும், எப்போது, என்ன சாப்பிட்ட பிறகு என்று உடனே எழுத வேண்டும் என்பது டாக்டர் அய்யாதுரையின் உத்தரவு. காலரா இல்லை என்று மதுரை லேபிலிருந்து பதில் வந்துவிட்டது. பிறகு இது என்ன எழவு என்று அவருக்கும் தெரியவில்லை. கிணற்றில் மருந்து கொட்டியாயிற்று, பாத்திரங்களை வேகவைத்தாயிற்று, தரையெல்லாம் பினாயில் ஊற்றியாயிற்று. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

வெளியே உச்சி வெயில். விருதுநகரில் மூட்டை அடுக்கிய மிளகாய்க் கிட்டங்கிகளின் நெடி ஜன்னல் வழியே வந்து, தீக்காயக் களிம்பின் வாடையோடும் புளித்த வாந்தி நாற்றத்தோடும் கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீபாவளி ஆர்டருக்காக ராப்பகலாக ஓடிய பட்டாசுக் கம்பெனி ஒன்று வெடித்து ஆறு நாளாகிறது. அங்கிருந்து வந்த ஏழு பேர்தான் இந்த வார்டு. கட்டிலுக்கடியில் வாந்திக்கு வைத்த பீங்கான் சட்டி நகரும் சத்தம் கேட்டாலே அவள் நோட்டோடு ஓடினாள். வெந்த உடம்பில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம் தண்ணீர்தான்; அதுவும் வாந்தியில் போனால் ஆள் தாங்காது. முதல் கட்டில்காரர் நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏழாம் கட்டிலில் அவள் தம்பி சேசுராஜ். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருக்கும் ஒரே உயிர். கண்ணிலும் கையிலும் கட்டு. இத்தனை நாளும் குளுக்கோஸ்தான். இன்று காலை நினைவு திரும்பிப் பசிக்கிறது என்றான். டாக்டர் மோர்ச்சாதம் கொடுக்கச் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெந்த உதட்டில் கரண்டி பட்டால் உயிர் போகும். அதனால் லோஷனில் கையை முக்கியெடுத்து, சோற்றைக் குழைத்து, விரலாலேயே ஊட்டினாள். ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டான். ஊட்டிக்கொண்டே, மூன்றாம் கட்டில் சீனிச்சாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் வேற எதுவும் சாப்பிட்டீகளா?"

"எல்லாரும் தின்ன அதே சோறுதான் தாயி. எனக்குக் கால்தான வெந்திருக்கு. கை நல்லாயிருக்கு, நானே அள்ளித் தின்னுக்கிடுதேன்."

அவள் கை அந்தரத்தில் நின்றது.

மற்றவர்கள் எல்லோருக்கும் கையில் கட்டு. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு. எல்லோருக்கும் ஊட்டியது யார்?

வெடித்த அன்று ராத்திரி அவளும் வாந்தி எடுத்தாள். நான்கு முறை. தம்பியை அந்தக் கோலத்தில் பார்த்த அதிர்ச்சி என்று நினைத்தாள். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பியை யார் பார்ப்பது? மறுநாள் சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. ஆள் தேறிய பிறகும் சில கிருமி கையோடு சுற்றும், லோஷனுக்கும் சாகாது என்று டிரெயினிங்கில் படித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தட்டு பாதி காலி.

"அக்கா, இன்னும் ஒரு வாய்."

கையை இழுக்க வேண்டும். இழுக்க வேண்டும். கை அசையவில்லை.

கண் கட்டிய முகம் தலையணையிலிருந்து எழும்பியது. காற்றில் அங்குமிங்கும் தேடியது. பிடித்தது. அவள் விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை அவன் ஒவ்வொன்றாக உறிஞ்சத் தொடங்கினான்.