படுக்கை அணுக்களின் மௌனம்

பாளையங்கோட்டை ஆராய்ச்சி மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய்ப் பிரிவை மூடி, அந்தக் கட்டடத்தைப் பிரசவப் பிரிவாக மாற்றியிருந்தார்கள். நோயே ஒழிந்த பிறகு அதற்கு எதற்குக் கட்டில்கள்?

“சின்னப்புள்ளையில நான் கெடந்த அதே ரூம், டாக்டரம்மா,” என்றாள் செவ்வந்தி. அவளுக்கு இது ஏழாம் மாதம். “அப்போ தலையில முடி இல்ல. இப்போ இடுப்பு இல்ல.”

“வாயி மட்டும் அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு,” என்று சிரித்தார் டாக்டர் பியூலா. வயிற்றில் தடவ வேண்டிய குளிர்ந்த களிம்பை முதலில் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். எத்தனை பெரிய பதவிக்கு வந்த பின்னும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

ஸ்கேன் கருவியின் திரை ஒளிர்ந்தது. குழந்தையின் இதயம் துடித்தது. ஆனால் போன முறை பார்த்ததைவிடக் குழந்தை கொஞ்சமும் வளர்ந்திருக்கவில்லை.

பியூலாவின் சிரிப்பு நின்றது.

புற்றணுக்களை வளரச் செய்வது எது என்று தேடியவர் அவர்தான். மரபணு அடக்கி என்ற கருவியால் புற்றணுக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாக வாயடைத்துப் பார்த்தார். எதை அடக்கினாலும் அவை வேறு வழி கண்டு வளர்ந்தன. கடைசியில் ரகசியம் அவற்றின் அடியில் இருந்தது. ஆய்வகத்தில் புற்றணுக்களைத் தனியாக வளர்க்க முடியாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த நல்ல அணுக்களைக் கிண்ணத்தில் பாய்போலப் பரப்பி, அவற்றின் மேல்தான் வளர்ப்பார்கள். அந்தப் படுக்கை அணுக்கள்தாம் பக்கத்தில் வந்தவருக்கெல்லாம் உணவு ஊட்டிக்கொண்டிருந்தன. ஊட்டச் சொல்லும் மரபணுவை அவற்றில் அடக்கியதும் புற்றணுக்கள் பட்டினியில் சுருங்கின.

அந்த மரபணுவுக்கு அமுதூட்டி என்று பெயரிட்டார்கள். அதை உடல் முழுதும் அடக்கும் மௌனத் துளி என்ற சொட்டு மருந்தை முதலில் வாங்கியவள் சிறுமி செவ்வந்தி. அவள் பிழைத்ததும், நோய் வருமுன் காக்கவென்று எல்லாக் குழந்தைகளுக்கும் துளி கொடுத்தார்கள். இரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் சோதித்திருந்தார்கள். ஆய்வு முடிந்ததும் படுக்கை அணுக்களை மட்டும் வழக்கம்போலக் கழுவி ஊற்றிவிட்டார்கள். படுக்கையிடம் போய் யார் நலம் விசாரிப்பார்கள்?

அந்தக் குழந்தைகளில் முதலில் தாய்மையை எட்டியவளும் செவ்வந்திதான்.

அவளுடைய நஞ்சுக்கொடியிலிருந்து ஊசிமுனை அளவு எடுத்துப் பியூலா சோதித்தார். நஞ்சுக்கொடி உயிரோடுதான் இருந்தது. தாயிடமிருந்து வந்த உணவையெல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. கொடுக்கச் சொல்லும் அமுதூட்டியின் குரல், தாய் வாங்கிய துளியால் அதற்குள்ளும் அடங்கியிருந்தது.

மறைக்காமல் எல்லாவற்றையும் செவ்வந்தியிடம் சொன்னார். “மௌனத்தைக் கலைக்க மருந்து இருக்கு. கொடுத்தா புள்ள வளரும். ஆனா உன் பழைய நோயும் எந்திரிச்சிரும்.”

“அது அன்னைக்கே செத்துப் போகல்லியா?”

“பட்டினியா கெடக்கு. அவ்வளவுதான்.”

செவ்வந்தி வயிற்றைத் தடவினாள். “கலைச்சிருங்க.”

“யோசிச்சுச் சொல்லு, ஏட்டி. உன் உயிரு.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? புள்ளைக்குச் சோறு வைக்கும்போது திருடனும் வந்து உக்காந்தா, புள்ளையப் பட்டினி போடவா முடியும்?”

“பிரசவம் ஆனதும் மறுபடி அடக்கிருதேன்.”

“அடக்கிட்டா, பொறவு பாலு சுரக்குமா?”

பியூலா மனதுக்குள் ஜெபித்தபடி ஊசியைப் போட்டார்.

வாரம் ஒன்று போனது. குழந்தை வளர்ந்திருந்தது. செவ்வந்தியின் இரத்தத்தில் புற்றணுக்களும் தெரிந்தன. “புள்ள எம்புட்டு எடை?” என்பதை மட்டும் அவள் கேட்டாள்.

பியூலா நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினார். துளி கொடுக்கும் கூடத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். அவரைக் கண்டதும் சிலர் கைகூப்பினார்கள். “நிறுத்துங்க,” என்றார். நடந்ததைச் சொன்னார். இந்தப் பெண் பிள்ளைகள் நாளை கருவுற்றால், அந்தக் கரு வயிற்றிலேயே பசியில் வாடும் என்றார்.

வரிசையின் முன்னால் நின்ற பெண் தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லுதது பொய்யின்னு சொல்லல, டாக்டரம்மா. ஆனா பேரப்புள்ள எப்பவோ வரும். எங்கக்காவ அந்த நோய்தான் கொண்டு போச்சு. எம்மவ இப்போ இருக்கணும்லா?”

“அவளுக்கு நோய் வரும்னு யாரு சொன்னா?”

“வராதுன்னு நீங்க சொல்லுவீங்களா?”

அந்தத் தாயின் மேல் பியூலாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் முகத்தில் இருந்தது அன்பு மட்டுமே. அந்த அன்பைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாமல்தான் அவரும் முதல் துளியைக் கொடுத்திருந்தார்.

அவள் மகளின் மோவாயை மெல்ல நிமிர்த்தினாள். “ஆ காட்டு, கண்ணு.”

சிறுமி வாயைத் திறந்தாள். பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னே நகர்ந்தார்கள்.