பட்டை எண்ணாத இருமல்

பட்டைக்கும் அவள் காதுக்கும் ஒத்துப்போகவில்லை. பதினேழாம் எண் நோயாளியின் முதல் நாள் ஒலிப்பதிவில் அவள் எண்ணிய இருமல்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. நெஞ்சு குலுங்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணுவதற்காக அவன் நெஞ்சில் கட்டியிருந்த பட்டை காட்டியது நூற்றாறு. சரிபாதி. ‘சே, என் தலையெழுத்து’ என்று மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடியும் இருநூற்றுப் பன்னிரண்டு.

நுரையீரலைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல் ஒன்றுக்கு அந்த மருத்துவமனையில் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கடைசி மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருமல் எண்ணுவதுதான் அவள் வேலை. பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். ஆனால் பதினேழு யார் என்று முதல் இருமலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு அடுக்கு இருமல், முடிவில் ஒரு சின்ன ‘ஹூம்’. அவள் தம்பி. “சேர்ந்துக்கோடா, நல்லா பாத்துப்பாங்க” என்று அவனைக் கையெழுத்துப் போட வைத்தவளே அவள்தான். சொந்தக்காரர்களின் பதிவை எண்ணக் கூடாது என்பது விதி. ஆனால் வார்டுக்குள்ளும் யாரையும் விடுவதில்லை. இதையும் விட்டுவிட்டால் அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பதிவை, ஜன்னல் வெயில் மேசையில் கொளுத்தும் பட்டப்பகலில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏசியின் முனகலையும் கட்டில் கிரீச்சிடுவதையும் போர்வை உரசுவதையும் தண்ணீர் தம்ளரைக் கீழே வைக்கும் ஓசையையும் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுக் கேட்டபோதுதான் பிடிபட்டது. தம்பி இருமுவான். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இன்னொருவர் இருமுவார். முதல் நாள் அது வெறும் வறட்டுச் சத்தம். இரண்டாம் நாள் இரண்டு அடுக்கானது. இன்று முடிவில் அந்த ‘ஹூம்’ வந்திருந்தது. யாரோ அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

“டாக்டர், அந்த ரூம்ல இன்னொருத்தர் இருக்காங்க.”

“தனி ரூம்மா அது. ஈ கூட உள்ள போகாது.” சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “டிவி ஓடியிருக்கும். பட்டை சொல்றதையே எழுதிடு.”

“டிவி அவனை மாதிரியே இருமுமா?”

“அவன் எப்படி இருமுவான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

யார்மேல் காட்டுவதென்று தெரியாத எரிச்சலோடு படிக்கட்டை ஓங்கி மிதித்துக்கொண்டு மேலே போனாள்.

ஐந்தாம் நாள் பட்டை காட்டியது பூஜ்யம். டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை. “பாத்தியா, ஒரு இருமல் இல்ல! இவனுக்குக் கிடைச்சது மருந்தாதான் இருக்கணும். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புறேன்.”

அவள் மேலே போய் ஹெட்போனை மாட்டினாள். இருமல். இரண்டு அடுக்கு. ஹூம். அச்சு அசல். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இப்போது இருமுவது ஒரே ஒருவர்தான். நெஞ்சு குலுங்காமல் இருமுகிறவர். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு டாக்டரிடம் இறங்கிப் போனாள்.

“அனுப்பாதீங்க டாக்டர்! அது என் தம்பி. இப்ப கேக்குற இருமல் அவனோடது இல்ல.”

டாக்டர் இப்போதுதான் நிமிர்ந்தார். “உன் தம்பியா? அப்போ நீ இதுவரைக்கும் எண்ணினது ஒண்ணும் செல்லாது.” பேனாவை எடுத்து அவள் தாள்களின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “போ, போய் அவனைக் கூட்டிட்டுப் போ.”

ஐயோ, இந்த மனுஷனுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது! ஓடினாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. கிருமிநாசினி நெடி. மடித்து வைத்த போர்வை. தம்பி சட்டை மாற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அதே கோணல் வகிடு. அதே சிரிப்பு.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அவனேதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்து நின்றான், போய்க் கட்டிக்கொண்டாள். “எருமை, உயிரே போயிடுச்சுடா எனக்கு.” அவள் காது அவன் நெஞ்சில் படிந்தது.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

காத்திருந்தாள். பழக்கதோஷத்தில் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது.

பிறகு கேட்டது. உள்ளே. வெகு ஆழத்தில். விரல் முட்டியால் யாரோ தட்டும் ஓசை.

“அக்கா.” உள்ளேயிருந்து தம்பியின் குரல். மூச்சு வாங்கியது. “அக்கா, இங்க ரொம்ப இருட்டா இருக்கு.”

விலகப் பார்த்தாள். முதுகைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

“வா, வீட்டுக்குப் போலாம்,” என்றது அவள் தலைக்கு மேலிருந்த வாய்.